ஊட்டிப் புல்லு யாருக்கு?

மே மாசம் வந்தா எங்க நாரணாபுரம், சிவகாசிப் பக்கத்து சனம் வெயிலுக்குத் தப்பிச்சு ஓடுறது ஊட்டிக்குத்தான். படகு, வர்க்கி, பொட்டானிக்கல் கார்டன்... முடிஞ்சது டூர். அந்தக் கார்டனுக்கு மேலேயே ஒரு தோடர் மந்து இருக்கு (மந்துன்னா அவங்க குடியிருப்பு). போட்டோ எடுத்துட்டு இறங்கிடுவோம். ஆனா இந்த மலை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் பின்னால போய்ப் பார்ப்போமா?

ஒரு காலத்துல தோடர் எருமைப் பாலும் நெய்யும் கொடுப்பாங்க. கோத்தர் பானையும் இரும்புச் சாமானும், படகர் தானியமும் கொடுப்பாங்க. 1819ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1822ல அவர் கட்ட ஆரம்பிச்ச கல் பங்களா இன்னமும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில நிக்குது. பின்னாடியே உருளைக்கிழங்கு வந்துச்சு, தேயிலை வந்துச்சு, 1908ல ரயிலும் ஊட்டி வரைக்கும் வந்துடுச்சு.

வெள்ளைக்காரனுக்குப் புல்வெளி சும்மா கிடக்குற நிலம். சுதந்திரத்துக்கப்புறம் நம்ம ஆளுங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. மேய்ச்சல் காட்டுல சீகை மரமும் தைல மரமும் நட்டாங்க. புல் குறைய, எருமையும் குறைஞ்சுது.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். தோடருக்குப் பால் கடையுற இடமே கோயில். கோயில் எருமையைக் கறக்குறவர்தான் பூசாரி. அந்தக் கோயிலுக்குக் கூரை வேயவும் மலைப்புல்தான் வேணும். ஆக, புல் போனா சாமியும் போச்சு!

இப்போ நிறைய தோடர் குடும்பங்க கேரட், உருளை போடுறாங்க. பிள்ளைங்க படிக்கணும்ல, தப்புன்னு சொல்ல நாம யாரு? டூரிஸ்ட்டாலயும் வரும்படி உண்டு. 2013ல அவங்க எம்ப்ராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, பொம்பளைங்க கைக்குக் காசு வருது. ஆனா கூட்டம் தாங்காம 2024 ஏப்ரல் மாசம் ஐகோர்ட்டே இ-பாஸ் கொண்டுவரச் சொல்லிச்சு. 2025 சீசன்ல ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000னு கணக்கு வச்சாங்க.

ஊட்டியை விடுங்க, நம்ம மேக்கு மலைக்கு வாங்க. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 2022ல காப்பகம், சரணாலயத்துக்குள்ள மேய்ச்சல் கூடாதுன்னு ஐகோர்ட் உத்தரவு. மலைமாட்டுக்காரங்க இன்னைக்குக் கேக்குறதும் அதே கேள்விதான்.

வண்டியை எண்ணத் தெரிஞ்ச நமக்கு, சீகையை வெட்டிப் புல்லைத் திருப்பிக் கொண்டு வரவும் தெரியணும். அதை எங்க, எப்படின்னு மேய்ச்சக்காரங்களைக் கேட்டுச் செய்யணும்ங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?