ஒரு நொதி குறைந்தால் மருந்தும் ஆபத்தாகலாம்: இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ‘ஜி6பிடி’

மலேரியா சிகிச்சையில் வழங்கப்படும் பிரைமாகுயின் மாத்திரை பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. ஆனால், அதே மாத்திரை சிலரது இரத்தச் சிவப்பணுக்களைச் சில நாட்களிலேயே சிதைத்துவிடக்கூடும். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ‘ஜி6பிடி’, என்ற ஒரே ஒரு நொதியின் குறைபாடே இதற்குக் காரணம். உலக அளவில் சுமார் 40 கோடி பேருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

நொதியின் பணி

நொதிகளில் பெரும்பாலானவை புரதங்களே. ஒவ்வொரு நொதியிலும் ‘செயல்மையம்’ எனப்படும் குழி போன்ற பகுதி உண்டு. அதில் பொருந்தும் வினைப்பொருள் மட்டுமே மாற்றம் அடைகிறது. ஒரு வேதிவினை தொடங்கத் தேவையான கிளர்வு ஆற்றலை நொதி குறைப்பதால், உடலின் இயல்பான வெப்பநிலையிலேயே அவ்வினை விரைந்து நடைபெறுகிறது. வினை முடிந்த பின் நொதி மாறாமல் மீண்டும் பயன்படுகிறது.

கட்டுப்பாடு ஏன் தேவை?

எல்லா நொதிகளும் எப்போதும் முழு வேகத்தில் இயங்கினால் செல்லின் உணவும் ஆற்றலும் வீணாகும். எனவே, நொதி உற்பத்தியாகும் அளவை மரபணுக்கள் வழியாக மாற்றுவது, நொதியுடன் பாஸ்பேட்டை இணைப்பது அல்லது நீக்குவது, விளைபொருளே நொதியைத் தடுப்பது எனப் பல வழிகளில் செல் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக, குளுக்கோஸ் சிதைவில் பங்கேற்கும் பாஸ்போபிரக்டோகைனேஸ் நொதியின் வேகத்தை, ஆற்றல் மூலக்கூறான ஏடிபி மிகும்போது அந்த ஏடிபியே குறைக்கிறது.

ஜி6பிடி நொதியும் இவ்வாறே கட்டுப்படுத்தப்படுகிறது. குளுக்கோஸிலிருந்து உருவாகும் ஒரு சேர்மத்தை மாற்றும்போது, அது ‘என்ஏடிபிஎச்’ என்ற மூலக்கூறை உருவாக்குகிறது. அம்மூலக்கூறு போதிய அளவு சேர்ந்ததும் நொதியைத் தடுக்கிறது. செலவாகிக் குறைந்ததும் தடை தளர்ந்து உற்பத்தி பெருகுகிறது.

சிவப்பணுக்களின் ஒரே அரண்

ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் சிவப்பணுக்கள் ஆக்சிஜனேற்றப் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகின்றன. இப்பாதிப்பைத் தடுக்கும் குளுட்டோதயோனைப் புதுப்பிக்க என்ஏடிபிஎச் தேவை. பிற செல்களுக்கு அதைப் பெற மாற்று வழிகள் உள்ளன. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவோ மைட்டோகாண்ட்ரியாவோ இல்லை. அதற்கு ஜி6பிடி தொடங்கிவைக்கும் பாதையே ஒரே வழி. சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுவால் புதிய நொதியை உருவாக்கவும் இயலாது. எனவே, வயது கூடக்கூட அதில் இந்நொதியின் திறன் குறைகிறது.

பிரைமாகுயின் போன்ற மருந்துகள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை ஏற்படுத்தும்போது, இயல்பான செல்லில் நொதியின் வேகம் உயர்ந்து நிலைமையைச் சமாளிக்கிறது. குறைபாடுள்ள செல்லில் அவ்வாறு உயர வழியில்லை. இதனால் ஹீமோகுளோபின் சேதமடைந்து, சிவப்பணுக்கள் சிதைகின்றன. கருத்த சிறுநீர், மஞ்சள் காமாலை, கடும் சோர்வு, மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். பிரைமாகுயினால் இரத்தம் சிதைவதற்கு இந்த நொதிக் குறைபாடே காரணம் என்பதை, 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் கார்சனும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தனர்.

இந்தியாவில் இதன் முக்கியத்துவம்

பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்குநிலையில் தங்கி, மீண்டும் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. அதை அழிக்க இந்தியாவில் 14 நாட்களுக்குப் பிரைமாகுயின் வழங்கப்படுகிறது. மருந்தைத் தவிர்த்தால் காய்ச்சல் திரும்பும். குறைபாட்டை அறியாமல் கொடுத்தால் இரத்தம் சிதையும். குறைபாடு உறுதியானவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை வீதம் 8 வாரங்களுக்கு மருந்து வழங்கும் முறையை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்துள்ளது. இந்தியாவில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா ஆகிய மரபணு வகைகள் அதிகம் காணப்படுகின்றன.

பரிசோதனையில் கவனிக்க வேண்டியவை

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளதால் ஆண்களிடமே குறைபாடு அதிகம் வெளிப்படுகிறது. பெண்களில் சிலருக்கு இயல்பான செல்களும் குறைபாடுள்ள செல்களும் கலந்திருப்பதால், எளிய பரிசோதனையில் குறைபாடு புலப்படாமல் போகலாம். இரத்தச் சிதைவு ஏற்பட்ட உடனே பரிசோதித்தாலும் முடிவு தவறாக அமையக்கூடும். நொதி குறைந்த முதிய செல்கள் அழிந்து, நொதி மிகுந்த இளம் செல்கள் எஞ்சியிருப்பதே காரணம். அத்தகைய நிலையில் சில வாரங்களுக்குப் பின் மறுபரிசோதனை செய்வது அவசியம்.

இக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்கின்றனர். எனினும், டாப்சோன், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம் போன்ற மருந்துகளும் ஃபாவா வகை அவரையும் அவர்களுக்குப் பாதிப்பை ஏற்படுத்தலாம். பிறந்த குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை ஏற்படவும் இக்குறைபாடு காரணமாகலாம். எனவே, குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் அதன் விவரத்தை எழுதி வைத்துக்கொண்டு, எந்தச் சிகிச்சைக்கும் முன்னர் மருத்துவரிடம் தெரிவிப்பது பாதுகாப்பானது.