டாலர் நோட்டை வைத்து சரிபார்த்த துப்பாக்கி

துப்பாக்கின்னா குறி பார்த்து விசையை அழுத்தினா பார்த்த இடத்துல படும், அவ்வளவுதானேன்னு நானும் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். சினிமா பார்த்துப் பார்த்து வந்த வினை :-) நிஜத்துல கடையில வாங்கின ரைஃபிளைக் குறி தவறாம சுட வைக்கிறதுக்கு மனுஷங்க பட்ட பாடு ஒரு தனி சரித்திரம். அதுலயும் காசில்லாதவங்க வீட்டுல உட்கார்ந்து பண்ணின வேலைகள்தான் எனக்குப் பிடிச்ச பகுதி.

(நம்ம நாட்டுல 1972-லயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அதனால இதைக் கதையா மட்டும் படிங்க மக்களே.)

இடம் அமெரிக்கா, காலம் இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு. ராணுவத்துல போல்ட் ரைஃபிள் பழகிய லட்சக்கணக்கான பேர் வீடு திரும்பியிருந்தாங்க. இலையுதிர் காலம் வந்தா மான் வேட்டை. பென்சில்வேனியா, மிச்சிகன் பக்கத்துத் தொழிலாளிகளுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை, குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு இறைச்சி. ஆனா வின்செஸ்டர் மாடல் 70 மாதிரி புது வேட்டை ரைஃபிள் வாங்க எல்லாருக்கும் கட்டுப்படியாகலை. அதே நேரம் அரசாங்கக் கிடங்குகளிலும் ஐரோப்பாவிலும் பழைய ராணுவத் துப்பாக்கிகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. ஸ்பிரிங்ஃபீல்ட் 1903, என்ஃபீல்ட் 1917, ஜெர்மன் மவுசர், இத்தாலியின் கார்கானோ. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து பணம் அனுப்பினா தபால்லயே வீட்டுக்கு வந்துடும்!

வந்ததும்தான் தலைவலி. ராணுவ ரைஃபிள் சேறு, மழை, பனி எதுல விழுந்தாலும் வேலை செய்யணும்னு செஞ்சது. விசை கனமா இருக்கும், உறுப்புகளுக்கு நடுவுல கொஞ்சம் தளர்வு இருக்கும். எல்லாத்தையும் விட மோசம், குழலோட முனை வரைக்கும் மூடியிருக்கும் மரக்கட்டை. மழைக்காலத்துல நம்ம வீட்டு மரக்கதவு உப்பிப்போய் சாத்த முடியாம முரண்டு பண்ணுமே, அதே கதைதான். மரம் ஈரத்துல உப்பும், வளையும், குழலை ஒரு பக்கமா அழுத்தும். சுடும்போது குழல் கம்பி மாதிரி அதிரும். அழுத்தம் மாறினா அதிர்வு மாறும், குண்டு போய்ச்சேரும் இடமும் மாறும். போன வாரம் சரியா இருந்த துப்பாக்கி இந்த வாரம் ஒரு சாண் தள்ளி அடிக்குதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

பரிகாரம் ரொம்ப சல்லிசு. உருண்டையான ஒரு குச்சியில உப்புத்தாளைச் சுத்தி, குழல் உட்காரும் பள்ளத்தைத் தேய்க்கிறது. எவ்வளவு தேய்க்கணும்? ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பார்ப்பாங்க. எங்கேயும் மாட்டாம வழுக்கிட்டு வந்தா சரி. அளவுகோல் வாங்கக்கூட காசு வேண்டாம், பையில இருக்கிற காசே அளவுகோல்!

அடுத்தது ஃபைபர்கிளாஸும் எப்பாக்ஸியும். துப்பாக்கியோட இரும்பு உடல் மரத்துல உட்காரும் இடத்துல இந்தப் பசையை ஊத்தி, அச்சு மாதிரி இறுக வைக்கிறது. முன்னாடியே இரும்புல மெழுகோ ஷூ பாலிஷோ பூசணும். அதை மறந்தவங்க கதை பரிதாபம், இரும்பும் மரமும் ஜென்மத்துக்கும் பிரியாது.

மூணாவதுதான் எனக்கு ஆச்சரியம். குழல் முனையின் விளிம்பு கம்பி விட்டுச் சுத்தம் பண்ணிப் பண்ணியே தேஞ்சு போயிருக்கும். அதைச் சரிசெய்ய உருண்டைத் தலை பித்தளை ஸ்க்ரூ ஒண்ணு, கார் வால்வு தேய்க்கும் பசை கொஞ்சம், ஒரு கை டிரில். இவ்வளவுதான். விளிம்பு அவ்வளவு முக்கியமான்னா, ஆமாம். மாசசூசெட்ஸ்காரரான ஃபிராங்க்ளின் மான்னு ஒரு டாக்டர், நோயாளிகளை விட்டுட்டுப் பல வருஷம் இதையே ஆராய்ந்து 1909-ல் ஒரு தடிப்புத்தகம் போட்டார். குண்டோட மூக்கை வேணும்னே சிதைத்துச் சுட்டார், பெரிசா ஒண்ணும் ஆகலை. அடிப்பாகத்தைக் கொஞ்சம் சிதைத்தார், குண்டு எங்கேயோ போச்சு. குண்டு வெளியேறும் அந்தக் கடைசி நொடியில பின்னாலிருந்து தள்ளும் வாயு நாலா பக்கமும் சமமா பிரியணும். விளிம்புல சின்ன நெளிசல் இருந்தாலும் ஒரு பக்கம் முந்திக்கும். அதுதான் விஷயம்.

தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்ப ஆரம்பிச்சாங்க. 1958-ல் ரிச்சர்ட் லீ உருவாக்கிய சின்னக் கருவிக்கு பெரிய பிரஸ் மெஷின் தேவையில்லை, சுத்தியலால தட்டினா போதும்.

எல்லாமே இப்படி இனிமையா முடியலை. 1918-க்கு முன்னாடி செஞ்ச ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-கள்ல ஒரு ஆபத்து ஒளிஞ்சிருந்தது. உலையில இரும்பு காய்ந்த பதத்தை தொழிலாளிகள் நிறத்தை வைத்துக் கண்ணாலேயே மதிப்பிட்டாங்க. நல்ல வெயில் நாள்ல பழுத்த இரும்பு மங்கலாத் தெரியும், அதனால இன்னும் காய்ச்சுவாங்க. இப்படி அதிகம் காய்ந்த இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில வரிசை எண் 8,00,000-க்குக் கீழே உள்ளவை எல்லாம் இந்த சந்தேகப் பட்டியல்ல வரும். சுடும்போது முகத்துக்குப் பக்கத்துலயே வெடித்த சம்பவங்களை ஜெனரல் ஜூலியன் ஹேட்சர் தன் 1947 புத்தகத்துல பதிவு பண்ணியிருக்கார். கட்டையை எவ்வளவு அழகா இழைச்சாலும் உலையில நடந்த தப்பைத் திருத்த முடியாதே. குறி தவறுவது வேறு, கண்ணே போவது வேறு.

இந்தத் தபால் துப்பாக்கிக் காலம் முடிஞ்ச விதம் உலகத்துக்கே தெரியும், ஆனா சேர்த்து யோசிச்சிருக்க மாட்டோம். 1963 மார்ச்சில் ஒருத்தன் பொய்ப்பெயர்ல சிகாகோ கடைக்கு எழுதி, தொலைநோக்கியோட ஒரு இத்தாலிய கார்கானோ வாங்கினான். விலை 19.95 டாலர், தபால் செலவோட 21.45. நவம்பரில் டல்லாஸில் கென்னடி கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி அதுதான், சுட்டவன் ஆஸ்வால்ட்தான் என்பது வாரன் கமிஷன் முடிவு. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு அந்த வருஷமே சட்டம் வந்தது. சாதாரண ஜனங்க தபால்ல துப்பாக்கி வாங்குவதும், வெளிநாட்டு ராணுவத் துப்பாக்கி இறக்குமதியும் நின்னு போச்சு.

இப்ப பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இந்த ஆட்கள் மேல செம கோபம். அறுக்காத, இழைக்காத 1903-க்கு இன்னிக்கு நல்ல விலை. அறுத்து அழகுபடுத்தினதுக்கு அதுல ஒரு பங்குதான். சரித்திரத்தையே ரம்பத்தால அறுத்துட்டாங்களேன்னு புலம்பறாங்க. எனக்கு என்னமோ அவ்வளவு கோபம் வரலை. குவியல்ல கிடந்த ஒண்ணை சில டாலருக்கு வாங்கி, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கார் ஷெட்டுல உட்கார்ந்து தேய்ச்சவனுக்கு அது அருங்காட்சியகப் பொருளா தெரிஞ்சிருக்குமா என்ன?