ஏரிக்குக் காவல் யார்? வேடந்தாங்கல் விவசாயிகள் வாங்கிய கவுல்



பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று சென்னைப் பட்டணம் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போகிறது. அதைச் சுற்றி இருக்கிற சித்தேரிகளில் ஒன்றின் கரையில் பிறந்தவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும் பறவைகள் வந்து இறங்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு என்பது பிற்பாடு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டது. எங்கள் ஊரில் எல்லாமே சிறகிதான். சேற்று வயலில் காலடியில் இருந்து கிளம்பி, வளைந்து வளைந்து பறந்து ஓடுமே, அது உள்ளான்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்துக்குப் பட்டணத்திலிருந்து ஜீப் வரும். காக்கித் தொப்பி, இரட்டைக் குழல் துப்பாக்கி, முழங்கால் மட்டும் பூட்ஸ். சுட்டு விழுகிற பறவையைத் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தால் பையன்களுக்கு நாலணா. நானும் இறங்கியிருக்கிறேன், மறைப்பானேன். எங்கள் தாத்தா கரையில் நின்று கத்துவார்: "டேய், நாத்து மேல அவன் பூட்ஸ் காலோட போறான், நீ அவனுக்கு வாத்து பொறுக்கிக் குடுக்கிறியா?" தாத்தாவுக்குப் பறவை மேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. அவர் கவலையெல்லாம் நாற்றைப் பற்றி. ஆனாலும் அவர் பேச்சை யார் கேட்டார்கள்? வந்தவர்கள் பெரிய மனிதர்கள், கையில் லைசென்ஸ் வேறு. எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

புகார் கொடுத்து ஜெயித்த ஊர் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுவும் 200 வருஷத்துக்கு முன்னால், கம்பெனிக்காரன் ஆட்சியில். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

ஊர் வேடந்தாங்கல். மதுராந்தகத்துக்குப் பக்கம், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தாங்கல் என்றால் சின்ன ஏரி, உங்களுக்குத் தெரிந்ததே. வேடன் தாங்கல் என்பதுதான் வேடந்தாங்கல் ஆயிற்று என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துப் பெரிய நிலக்காரர்கள் வேட்டையாடுவதற்கு வைத்திருந்த இடம் அது. வேட்டைக்காரன் பெயரைத் தாங்கிய ஊரே வேட்டையைத் தடுத்த ஊராகவும் ஆனது வேடிக்கைதான்.

ஏரி ஒன்றும் பெரிது இல்லை. சுமார் 74 ஏக்கர், அதாவது 30 ஹெக்டேர். அதற்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீரில் நின்றபடி வளர்ந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா எல்லாம் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். இவை எல்லாம் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று பேசுகிறார்களே, அது பாதிதான் சரி. கூடு கட்டுகிற நாரையும் கொக்கும் பெரும்பாலும் நம் தேசத்துக்குள்ளேயே தண்ணீர் பார்த்து இடம் மாறுகிறவை. வெகு தூரத்து வட தேசங்களிலிருந்து வருபவை அந்தச் சிறகிகளும் உள்ளானும். அவை இங்கே கூடு கட்டாது. குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வெயில் ஏறினதும் ஊர் திரும்பிவிடும்.

1790களில் செங்கல்பட்டுச் சீமை கம்பெனியின் ஜாகீராக இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலுக்கு வந்து நாரைகளைச் சுட்டார்கள். கூடு கட்டுகிற காலத்தில் ஒரு வேட்டுச் சத்தம் போதும். மரத்தில் இருக்கிற அத்தனை தாய்ப்பறவையும் கிளம்பிவிடும். காக்கையும் பருந்தும் முட்டையைக் கொண்டு போகும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் சாகும். சுட்டது நாலு என்றால் செத்தது நாற்பது. இப்படியே தொந்தரவு தொடர்ந்தால் அடுத்த வருஷம் பறவை அந்த ஏரியை எட்டிப் பார்க்காது.

ஊரார் என்ன செய்தார்கள்? தடி எடுக்கவில்லை. கலெக்டரிடம் போனார்கள். பறவை பாவம் என்று மட்டும் சொல்லியிருந்தால் துரை சிரித்திருப்பார். அவர்கள் சொன்னது விவசாயக் கணக்கு. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக எங்கள் வயலுக்குப் பாய்கிறது, எங்கள் நெல் அதனால் விளைகிறது. பறவை போனால் விளைச்சல் போகும் என்றார்கள். விளைச்சல் போனால் கம்பெனியின் வரி என்ன ஆகும் என்பதைக் கலெக்டருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ். லேசுப்பட்ட ஆள் இல்லை. வரி விஷயத்தில் மிராசுதார்களோடு கடுமையாக மோதியவர். ஆனால் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் அக்கறை உள்ளவர். மதுராந்தகம் போனவர்கள் ஏரிகாத்த ராமர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அடைமழை ராத்திரியில் ஏரிக்கரை உடையப் போகிறதே என்று பார்க்கப் போன வெள்ளைக்காரத் துரை, கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார் என்று ஒரு கதை உண்டல்லவா? அந்தத் துரை இதே பிளேஸ்தான். அங்கே தாயார் சந்நிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. தரிசனத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஏரிக்கரையைப் பற்றிக் கவலைப்பட்டு மழையில் கிளம்பிப் போன அதிகாரி என்று ஜனங்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள், அது போதும்.

1798-ஐ ஒட்டி பிளேஸ் அந்த ஊராருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது. பின்னால் 1858-ல் இன்னொரு கலெக்டர் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்து கொடுத்தார். 60 வருஷம் கழித்தும் ஊரார் அதை விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு தடவை உத்தரவு வாங்குவது எளிது. அதைப் பேரன் காலம் வரைக்கும் காப்பாற்றுவது கஷ்டம்.

இப்போது எச்சக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நாரை காலையில் கிளம்பிச் சுற்று வட்டாரத்து வயலிலும் குட்டையிலும் மீன், நத்தை, தவளை, நண்டு என்று தின்கிறது. பிறகு கூட்டுக்குத் திரும்பி எச்சமிடுகிறது. பத்து ஊர் நிலத்துச் சத்து ஒரு ஏரிக்கு வந்து சேருகிறது என்று அர்த்தம். (பக்கத்து ஊர்க்காரர் காதில் விழ வேண்டாம், பங்கு கேட்பார்.) அந்த எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் நவரைப் பட்டம் மார்கழி, தையில் தொடங்குவது. பறவைகள் நிறைந்திருக்கிற அதே மாதங்களில் மதகு திறக்கிறது. உரத்தைக் கரைத்துப் பாய்ச்சுகிற ஏற்பாடு, செலவில்லாமல்.

ஐரோப்பியர்கள் இதை எப்போது தெரிந்துகொண்டார்கள் தெரியுமா? தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடலோரத் தீவுகளில் கடற்பறவை எச்சம் மலை மலையாகக் குவிந்திருந்தது. அந்த நாட்டுப் பழங்குடி விவசாயிகள் காலங்காலமாக அதை நிலத்துக்குப் போட்டு வந்தார்கள். ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1802-ல் அங்கே போனபோது அதைக் கவனித்து ஐரோப்பாவுக்கு மாதிரி கொண்டு போனார். 1840களில்தான் கப்பல் கப்பலாக ஏற்றிப் போய் இங்கிலாந்தில் உரமாகப் போட்டார்கள். வெட்டி வெட்டித் தீர்த்துவிட்டு, பறவையைக் காப்பாற்றினால்தான் உரம் என்று 1909-ல் பெரு அரசாங்கம் தனிக் கம்பெனி வைத்துக் காவல் போட்டது. நம் வேடந்தாங்கல் குடியானவர்கள் அதையே 1798-க்கு முன்னால் கலெக்டர் கச்சேரியில் நின்று சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஏரியையும் சொல்ல வேண்டும். ராஜஸ்தானத்தில் பரத்பூர். அங்கே மகாராஜா வாத்து வேட்டைக்காகவே நீர் தேக்கி வைத்தார். 1938 நவம்பர் 12-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு விருந்தாளியாக வந்தார். அன்று ஒரே நாளில் சுட்டது 4,273 பறவை. கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். பிற்பாடு வேட்டை நின்று, 1980களில் அது தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் 1982-ல் மாடு மேய்க்கத் தடை போட்டபோது கிராமத்தாரோடு மோதல் வந்து, போலீஸ் சுட்டு, உயிர்ச் சேதம் ஆனது. ஒரு காலத்தில் ராஜாவின் வேட்டைக்காடு, பிறகு சர்க்காரின் பூங்கா. இரண்டு காலத்திலும் ஊராரைக் கேட்டவர் இல்லை. வேடந்தாங்கலில் கேட்டு வாங்கினவர்களே ஊரார்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிக்காரர் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயம் இல்லை. பறவை சாஸ்திரத்தில் நம் நாட்டுக்கே ஆசானாக இருந்த சாலிம் அலி, சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அது என்ன குருவி என்று விசாரிக்கப் போய்த்தான் அந்தத் துறைக்கே வந்தார். அமெரிக்காவில் வாத்து சுடுகிறவர்கள் 1934 முதல் வருஷா வருஷம் ஒரு வாத்து ஸ்டாம்ப் வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். ஆனாலும் துப்பாக்கியால் இன்னொரு கேடு உண்டு. சிதறி விழுந்த ஈயக் குண்டுகளைக் கூழாங்கல் என்று வாத்து விழுங்குகிறது, பிறகு ஈய விஷம் ஏறிச் சாகிறது. அதனால் அங்கேயே 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டார்கள்.

நம் சட்டக் கதை சுருக்கமானது. 1887-லும் 1912-லும் வெள்ளைக்காரன் பறவைகளுக்குச் சட்டம் போட்டான். இனப்பெருக்க காலத்தில் சுடாதே என்பதுதான் பெரும்பாலும். 1962-ல் வேடந்தாங்கல் வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதிலும் லைசென்ஸ் எடுத்தால் சிலவற்றைச் சுட வழி இருந்தது. 1991-ல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஜீப் வருவது அதற்கு முன்பே குறைந்துவிட்டது. சட்டத்தின் சுமை முழுவதும் விழுந்தது வலையும் கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியும் வைத்து வயிறு கழுவிய நரிக்குறவர் மேல்தான். கூடை கூடையாகச் சுட்ட பெரிய மனிதரின் போட்டோ வரவேற்பறையில் தொங்குகிறது. இரண்டு கொக்கு விற்றவர் ஸ்டேஷனில் நிற்கிறார். பறவையைப் பிடிப்பது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்யாததும் தப்பு.

பறவைகளால் நமக்கு நஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தாழைக்கோழி நாற்றங்காலில் இறங்கினால் என்ன ஆகும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். சிறகிக் கூட்டம் ராத்திரியில் கதிரில் விழுவதும் உண்டு. அதற்குத் தகரம் தட்டலாம், நாடா கட்டலாம், ஆள் காவல் போடலாம். நெல்லில் மருந்து கலந்து வைக்கிறவர் சிலர் இருக்கிறார்கள். அந்த வேலை வேண்டாம். அது சட்டப்படிக் குற்றம். நாளைக்கு உங்கள் கோழியும் அதையேதான் கொத்தும்.

இனி நம் பக்கத்து ஏரிகளுக்கு வருகிறேன். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, போரூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி. எல்லாம் ஒரு காலத்தில் மதகும் கலங்கலும் ஆயக்கட்டும் உள்ள ஏரிகள். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. பிறகு வயல் மனையாயிற்று, மனை வீடாயிற்று. மதகு இருக்கிறது, பாய்வதற்கு நிலம் இல்லை. துப்பாக்கி போய்விட்டது, அதற்குப் பதில் சாக்கடை வந்துவிட்டது. அளவாக விழும் எச்சம் உரம். ஒரு நகரத்தின் கழிவு மொத்தமும் வந்து விழுந்தால் தண்ணீர் பச்சையாகி, மீன் மூச்சு முட்டி மிதக்கும். மீன் இல்லாத ஏரியில் நாரைக்கு என்ன வேலை?

வேடந்தாங்கலைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீரை நம்பி நெல் போட்டவர்கள். ஆயக்கட்டு இல்லாத ஏரிக்குப் புகார் கொடுக்க யார் வருவார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்தது உண்டு. வந்திருக்கிறார்கள். கொரட்டூரில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துக் குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். ஒரு ஏக்கர் நிலம்கூட இல்லாதவர்கள்தான், கேட்பது மட்டும் அதே கவுல். பருத்திப்பட்டு ஏரியைத் தூர் வாரி, கரையில் நடைபாதை போட்டு 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். தொலைநோக்கியும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு கரையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். எந்த மாதத்தில் எது வந்தது, எது வராமல் போனது என்று எழுதி வைத்தால், பின்னால் ஒரு நாள் மனு எழுதும்போது அந்தக் கணக்கு கை கொடுக்கும்.

வேடந்தாங்கலுக்கும் கவலை தீர்ந்தபாடில்லை. 1998-ல் சரணாலயம் என்று அறிவித்தபோது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சேர்த்தார்கள். அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க 2020-ல் ஒரு யோசனை கிளம்பி, பலத்த எதிர்ப்பு எழுந்தது. நாரை இரை தேடுவது அந்தச் சுற்று வட்டார வயலில்தானே! 2022-ல் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் சேர்ந்தன.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல சமயம். மாலை 4 மணிக்கு மேல் போனால், இரைக்குப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். மழை பொய்த்த வருஷத்தில் ஏரி காய்ந்து கிடக்கும், ஒரு கொக்குகூட இருக்காது. அதனால் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், பட்டாசு மட்டும் வேண்டாம்.