ஈரவாடைத் தீர்த்தம்

திருவரங்கத்துக்கு வருகிறவர் காதில் முதலில் விழுவது விபீஷணன் கதை. அயோத்தியிலிருந்து இலங்கைக்கு எடுத்துப்போன அரங்க விமானம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தரையில் ஊன்றிவிட்டது. அதைக் கீழே வைத்த சிறுவன் பிள்ளையார். விபீஷணன் துரத்தவே அவர் ஓடி ஏறிய இடம்தான் மலைக்கோட்டை உச்சி. திருச்சியையும் அரங்கத்தையும் ஒரே முடிச்சில் கட்டும் அழகான கதை. ஆனால் அதை உரசிப் பார்க்க நம்மிடம் கல் இல்லை. பதினான்காம் நூற்றாண்டைச் சுற்றி எழுந்த ஐதீகங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் பக்கத்திலேயே கல்வெட்டும் இருக்கிறது, விக்கிரகமும் இருக்கிறது, இன்றுவரை நடக்கும் வழிபாட்டு முறையும் இருக்கிறது. இந்த ஐதீகங்களைப் பக்திக்குப் பூசிய மெருகு என்று ஒதுக்குவது தவறு. கல்வெட்டில் இடம் கிடைக்காத மனிதர்களைப் பற்றிய சாட்சியமாகவே அவற்றைப் படிக்க வேண்டும்.

1311-இல் தில்லியிலிருந்து மாலிக் கபூரின் படை தெற்கே வந்தது. அதன் பிறகு 1323-இல், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் அரியணை ஏறிய உலூக் கான் படையெடுத்தபோது, மூலவர் சன்னிதியைக் கல் வைத்து மூடிவிட்டு, உற்சவரான அழகியமணவாளரை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் வெளியேறியது. தலைமை ஏற்றவர் பிள்ளை லோகாசாரியர். முதிர்ந்த வயதில் மதுரைப் பக்கத்து ஜோதிஷ்குடியில் அவர் பரமபதித்தார். விக்கிரகமோ மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை என்று அலைந்தது. விஜயநகரத்துக் குமார கம்பணர் மதுரை சுல்தான்களை வென்ற பிறகு, அவருடைய அதிகாரி கோபணார்யர் அதைத் திருமலையிலிருந்து செஞ்சிக்குக் கொண்டுவந்து சில காலம் ஆராதித்து, 1371-இல் அரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். உட்பிராகாரச் சுவரில் வடமொழிச் செய்யுளாக இது வெட்டப்பட்டிருக்கிறது. உறுதியான சான்றுதான். ஆனால் அதில் கோபணர் இருக்கிறார், செஞ்சி இருக்கிறது, வெற்றி இருக்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் தோளில் சுமந்தவர்கள் இல்லை. இந்தக் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. நிலம் கொடுத்தவர், விளக்கு வைத்தவர், ஆடு மாடு விட்டவர் எல்லாரும் அவற்றில் பேசுகிறார்கள். கொடுக்க எதுவுமே இல்லாதவனுக்கு மட்டும் அங்கே வரியில்லை.

அப்படி ஒருவனை ஐதீகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய உற்சவர் திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் வேறொரு உற்சவர் வழிபாட்டில் இருந்தார். இவர்தான் பழைய அழகியமணவாளரா என்று யார் சொல்வது? அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பார்த்துப் பழகியவர்கள் மாண்டுபோயிருந்தார்கள். மிஞ்சியிருந்தவர் ஓர் ஈரங்கொல்லி. வைணவ மரபில், பெருமாளின் ஆடைகளை வெளுப்பவருக்கு அந்தப் பெயர். வயதாகிப் பார்வையும் போயிருந்தது. இரு விக்கிரகங்களுக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தரச் சொன்னார். சுவைத்தார். கஸ்தூரியும் கர்ப்பூரமும் கலந்த பழைய வாசனை ஒன்றில் வந்தது. ‘இவரே நம்பெருமாள்’ என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது, சோதனை முறையின் பொருத்தம். பட்டருக்குத் திருமேனி தெரியும், அரசு அதிகாரிக்கு ஆணை தெரியும். ஆனால் நாள்தோறும் அந்த ஈரத் துணியைக் கையில் வாங்கியவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று உண்டு. தொழில் தந்த அறிவைச் சான்றாக ஏற்று, கோயில் தன் மிகப் பெரிய கேள்விக்கு விடை கண்டது என்று இந்த மரபு சொல்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. இக்கதைகளுக்கு ஆதாரமான கோயிலொழுகு ஒரே கையால் ஒரே காலத்தில் எழுதப்பட்ட நூல் அன்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. அதில் ஆண்டுகள் பிசகுகின்றன, இரண்டு படையெடுப்புகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஈரங்கொல்லி உண்மையில் தீர்த்தத்தைச் சுவைத்தாரா என்பதை அந்த நூலை வைத்து நிறுவ முடியாது. ஆனால் இரண்டு உற்சவர்கள் இருந்தார்கள் என்பதும், தேர்வு ஒன்று நடந்தாக வேண்டியிருந்தது என்பதும் கற்பனை அல்ல. அடுத்த மறுப்பு துலுக்க நாச்சியாரைப் பற்றியது. தில்லிக்குப் போனதாகச் சொல்லப்படும் விக்கிரகத்தின் மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் கதை மேல்கோட்டையிலும் இருக்கிறது. அங்கே பெருமாள் செல்லப்பிள்ளை, இளவரசி பீபி நாச்சியார், விக்கிரகத்தை மீட்டவர் இராமாநுசர். இடம் மாறித் திரியும் கதையை வரலாறு என்று கொள்ளலாமா? இளவரசி வாழ்ந்தாள் என்று நானும் வாதிடவில்லை. ஆனால் அரங்கத்தில் அவளுக்குச் சிலையில்லாமல் ஓவியமாக ஒரு சன்னிதி இருக்கிறது, கோதுமை ரொட்டி நைவேத்தியம் இருக்கிறது, பெருமாள் கைலி உடுத்தும் வழக்கம் இருக்கிறது. வந்து இடித்தவர்களின் வீட்டுப் பெண் என்று நம்பப்பட்டவளுக்கு, அவள் வழக்கப்படியே உணவும் உடையும் கொடுக்க ஒரு கோயில் முடிவெடுத்தது என்பது வரலாற்றுச் செய்தி இல்லையென்றால் வேறு எது?

கொடுமையை இனிப்பாக்கி மறைக்கும் தந்திரம் இது என்பாரும் உண்டு. மறைக்க நினைத்த மரபு, உலூக் கானின் படையெடுப்பைப் பன்னீராயிரவர் தலை விழுந்த கலகம் என்று தன் ஒழுகில் எழுதி வைத்திருக்காது. எண்ணிக்கையை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. துக்கத்தின் அளவு அது. படைத் தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்த தேவதாசி வெள்ளையம்மாளின் பெயரை வெள்ளைக் கோபுரத்தோடு சேர்த்துச் சொல்லியும் இருக்காது. இரத்தத்தையும் ரொட்டியையும் ஒரே நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஒன்றுக்காக மற்றதை அழிப்பவர்கள் இந்த நாளில்தான் அதிகம், இரு பக்கத்திலும்.

ஈரங்கொல்லி தேர்ந்தெடுக்காத அந்த மற்ற விக்கிரகத்தை யாரும் வெளியேற்றவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற பெயருடன் அவரும் கருவறையிலேயே நம்பெருமாளுடன் இருக்கிறார். ஊரை விட்டுப் போக வழியில்லாமல் தங்கிவிட்டவர்கள் அந்த ஆண்டுகளில் கும்பிட்ட தெய்வம் அவர். வீதிகளில் புறப்பாடு நம்பெருமாளுக்கு. பிரம்மோற்சவத்தில் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் திருவரங்கமாளிகையார்.