தடயங் காணுந் துறையின் வரலாறு

அறம் நிற்பது சான்றின்மேல். சான்று ஆராயப்படாவிடின் செங்கோலும் கொடுங்கோலாகும். இவ்வுண்மையைத் தமிழ் மக்கள் உள்ளத்தில் ஆழப் பதித்த நூல் சிலப்பதிகாரம். கோவலன் கையிலிருந்த சிலம்பு கோப்பெருந்தேவியுடையதுதானோ என்று எவரும் ஆராய்ந்திலர். ஆராயுமுன்னரே கொலைத்தண்டம் நிறைவேறிற்று. கண்ணகி அவை புகுந்து வழக்குரைத்து, தன் சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே, தேவியின் சிலம்பிலிருப்பது முத்து, இச்சிலம்பிலிருப்பது மாணிக்கம் என்பது வெளியாயிற்று. இரண்டு நொடியிற் செய்யத்தக்க சோதனை அது. முன்னர்ச் செய்திருப்பின் ஓர் உயிரும், ஓர் அரசும், ஒரு மாநகரும் பிழைத்திருக்கும். பொருளைப் பொருளோடு ஒப்பிட்டு மெய்காணும் இம்முறையையே இக்காலத்தார் தடய அறிவியல் என்று வழங்குகின்றனர். அத்துறை நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இம்முறை நம்மவர்க்குப் புதியதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை ஓதினார்க்கு இஃது உள்ளங்கை நெல்லிக்கனி. நம்பியாரூரர் தமக்கு அடிமை என்று முதிய அந்தணர் ஒருவர் வழக்குக் கொணர்ந்தபோது, திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் வெறும் வாய்ச்சொல்லை ஏற்றாரல்லர். ஆவணம் காட்டுக என்றனர், மூலவோலை காட்டப்பட்டது. அதனோடும் அமையாது, ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். இன்றைய ஆவணச் சோதனையாளர் செய்வதும் இதுவேயாம். வடமொழியிற் கௌடிலியரும், ஐயத்திற்கிடமாக இறந்தாரின் உடலை எண்ணெய் பூசி ஆராய்க என்றும், கழுத்து நெரிக்கப்பட்டார், நீரில் அமிழ்த்தப்பட்டார், நஞ்சூட்டப்பட்டார் ஆகியோர் உடலிற் காணப்படும் குறிகள் இவையிவை என்றும் தம் பொருள்நூலுள் வகுத்துரைத்தனர்.

நிற்க, இக்காலத்து முறைக்கு வருவோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் நாட்டில் நஞ்சூட்டிக் கொல்வது பெரும்பான்மையாயிருந்தது. பாஷாணமும், ஊமத்தையும், அலரியும் எளிதிற் கிடைத்தன. வாந்தியும் பேதியும் கண்டு இறந்தவன் கொள்ளை நோயால் இறந்தானோ, பாஷாணத்தால் இறந்தானோ என்று துணிய ஒருவராலும் இயலவில்லை. 1836-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு ஜேம்ஸ் மார்ஷ் என்பார் பாஷாணம் அணுவளவே இருப்பினும் அதனைப் பிரித்துக் காட்டும் சோதனையை வெளியிட்டனர். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகளில், அஃதாவது 1849-ல், சென்னையில் அரசாங்க இரசாயனப் பரிசோதகரின் சோதனைச்சாலை ஏற்பட்டது. இந்தியாவில் இவ்வகைச் சாலைகளுள் இதுவே முதலாவது. கல்கத்தாவில் 1853-லும், ஆக்ராவில் 1864-லும், பம்பாயில் 1870-லும் பிற எழுந்தன. ஆகவே இத்துறையில் நம் சென்னை ஏனைய நகரங்கட்கு மூத்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். அச்சாலையின் வழித்தோன்றலே இன்று மயிலாப்பூரில் தலைமையிடங் கொண்டு, மாவட்டங்கள்தோறும் கிளை பரப்பிப் பணிபுரியும் தமிழ்நாடு தடய அறிவியல் துறை.

விரற்சுவட்டின் வரலாறும் இந்தியாவிலேயே தழைத்தது. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தத்திற் கைச்சுவடு பதிப்பித்துக்கொண்டனர். 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் நிறுவப்பட்டது. உலகில் இதுவே முதல் என்பர். பல்லாயிரம் ரேகைகளுள் வேண்டியதொன்றை விரைந்து எடுக்கும் வகைப்பாட்டுக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் வழங்கினும், அதற்காக உழைத்துக் கணக்கு வகுத்தோர் அஜீஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் நம் நாட்டவர் இருவர். பெயர் ஒருவர்க்கும் உழைப்புப் பிறர்க்கும் ஆவது உலகியல்பு போலும்! அடுத்த ஆண்டிலேயே, ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத்து அதிகாரி ஒருவர் கொலையுண்டபோது, அங்கிருந்த பஞ்சாங்கத்திற் படிந்த குருதிச் சுவடு பழைய வேலைக்காரனுடையதென்று அந்நிலையத்தார் காட்டினர். நீதிமன்றம் அச்சுவடுகொண்டு திருட்டுக் குற்றத்தை மட்டும் உறுதி செய்து, கொலைக்குற்றத்தினின்று அவனை விடுவித்தது. அவன் கை அங்கிருந்தது என்பதைச் சுவடு சொல்லிற்று. அக்கை கொன்றது என்பதைச் சொல்லவில்லை. இவ்வேறுபாடு பெரிதும் கருதற்பாலது.

சென்னையிலே 1952-ல் நிகழ்ந்த ஆளவந்தார் கொலை வழக்கை முதியோர் இன்றும் பேசக் கேட்கலாம். இரயில் வண்டியிற் கிடந்த பெட்டியொன்றைத் தலையற்ற உடலோடு மானாமதுரையிற் கண்டெடுத்தனர். தலை இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. நூற்றுக்கணக்கான மைல் இடையிட்ட இரண்டு துண்டுகளும் ஓருடலினவே என்று சென்னை மருத்துவக் கல்லூரியிற் பொருத்திக் கண்டனர். இறந்தார் முன்னர்ப் படைத்துறையிற் பணி செய்தவராதலின் அங்கிருந்த விரற்சுவடு ஆளையும் தெரிவித்தது. கொன்றவர் மறைக்க எண்ணியதை விரல்நுனி வெளிப்படுத்தியது.

இனி, நம் பிள்ளைப்பாக்கத்திற்கு அணித்தேயுள்ள ஸ்ரீபெரும்பூதூரின் செய்தியைக் கூறுவோம். இராமாநுசர் அவதரித்த அத்திருப்பதியில், 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இரவு, முன்னாள் பிரதம மந்திரி இராஜீவ் காந்தி தேர்தற் கூட்டத்திற்கு வந்தவிடத்து வெடிகுண்டால் உயிர்நீத்தார். அவரோடு பொதுமக்களும், காவற்கடமையில் நின்ற அதிகாரிகளும் காவலரும் மாண்டனர். நாடு கலங்கியது. குண்டு எங்கே இருந்தது? மாலையிலா, கூடையிலா, தரையின் கீழா? எறிந்தவர் யார்? ஊர்தோறும் ஒரு கதை பிறந்தது.

அப்பொழுது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராயிருந்தவர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். அவரும் உடன்பணியாளரும் அந்நிலத்தைத் துருவி ஆராய்ந்தனர். கிடைத்தவை பெரிய பொருள்கள் அல்ல: நீலத் துணிக்கிழிசல், மின்கம்பித் துண்டு, சிறு மின்கலத்தின் சிதைவு, விசையின் துணுக்கு, 2 மில்லிமீட்டர் அளவான எஃகுக் குண்டுமணிகள். இவற்றை ஒன்றோடொன்று இயைத்து நோக்கியபோது, குண்டு எறியப்பட்டதன்று, புதைக்கப்பட்டதுமன்று, ஒருவர் இடையிற் கச்சாகக் கட்டப்பெற்றிருந்தது என்பது புலனாயிற்று. இறந்த ஏனையோர் உடலிற் காயங்கள் ஒரு புறத்தனவாக, நடுவுடல் முற்றும் சிதைந்த பெண்ணுடல் ஒன்று தனித்து நின்றது. வெடியின் நடுவிடம் அவ்வுடலே. அதனை அணிந்தவள் அவளே என்று துணிந்தனர். வெடிமருந்தும் ஆர்.டி.எக்ஸ். எனத் தெளியப்பட்டது.

மற்றொரு சான்று ஒரு நிழற்படக் கருவி. படமெடுத்தவன் வெடியில் இறந்தான். அவன் கருவியோ அழியாது கிடந்தது. அதனுட் சுருளில் எஞ்சிய 10 படங்களுள், சந்தனமாலை ஏந்திக் காத்து நின்ற பெண்ணின் உருவம் இருந்தது. துணுக்குகள் சொன்னதைப் படமும் சொல்லிற்று. இரண்டு சான்றுகள் தம்முள் அறியாது ஒரே பக்கம் சுட்டின், அதனினும் வலிய சான்று யாது? சந்திரசேகரனார்க்கு 2000-ஆம் ஆண்டிற் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

ஆயினும் இவ்வழக்கின் பிற்பகுதி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருள் 4 பேர்க்கே அத்தண்டனையை உறுதி செய்து, 3 பேர்க்கு ஆயுட்சிறை விதித்து, எஞ்சிய 19 பேரையும் கொலைச்சதிக் குற்றத்தினின்று நீக்கி விடுவித்தது. குண்டு எவ்வாறு வெடித்தது என்பதைத் துணியும் எஃகும் ஐயமறக் கூறின. அச்சதியை அறிந்து உடன்பட்டார் யாவர் என்பதை அவை கூறா. அதனை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சான்றெடுத்து நிறுத்தல் வேண்டும். மதுரையில் நிகழாத அந்த ஆராய்ச்சி இங்கு நிகழ்ந்தமையாற் 19 உயிர்கள் தூக்குமரத்தினின்று மீண்டன. தடயம் குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் உரியது என்பார் அதன் பயனிற் பாதியே அறிந்தோராவர். குற்றமற்றவனைக் காப்பது மற்றைப் பாதி.

இத்துறைக்கு இன்று தேவை மிகுந்துள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் சென்று சான்று திரட்டல் வேண்டும் என்றும், மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் அதனை நடைமுறைப்படுத்துக என்றும் வகுத்துளது. ஆகவே ஆட்கள் பலர் வேண்டப்படுவர் என்பது வெள்ளிடைமலை. விரல்ரேகைப் பிரிவின் உதவி ஆய்வாளரைச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் அறிவியற் பட்டதாரிகளுள்ளிருந்து தெரிந்தெடுக்கின்றது. தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர்க்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகின்றது. வேதிநூல், இயற்பியல், உயிர்நூல் முதலியவற்றில் உயர்பட்டம் பெற்றோர் அதற்கு முயலலாம்.

பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தபின், நம் பிள்ளைகள் பள்ளி முடித்தவுடன் ஆலைவாயில் நோக்கி விரைகின்றனர். அதனை யாம் பழியோம், கைத்தொழிலும் உயர்ந்ததே. ஆயினும் வேதிநூலில் விருப்பும், கூர்ந்து நோக்கும் இயல்பும் உடைய ஆணோ பெண்ணோ ஒரு வீட்டில் இருப்பின், மேலும் சில ஆண்டு படிப்பிக்கப் பெற்றோர் தயங்கலாகாது. ஆலையில் உருப்படியை அளந்து பழுது காணும் கண்ணே அறமன்றத்திற்கும் வேண்டப்படுவது. கைக்கூலிக்கும் அச்சத்திற்கும் இணங்காத உள்ளம் அக்கண்ணிற்குத் துணையாதல் வேண்டும்.

படிக்க இயலாதார்க்கும் ஒரு கடமை உண்டு. ஊரில் ஒரு கொடுமை நிகழ்ந்தால் நாம் யாது செய்கின்றோம்? கூட்டமாய்த் திரண்டு மிதிக்கின்றோம்; குருதிக்கறையைக் கழுவுகின்றோம்; கிடந்த பொருளை எடுத்துப் பார்க்கின்றோம்; பின்னர், காவலர் ஒன்றும் கண்டுபிடித்திலர் என்று குறை கூறுகின்றோம். அடிபட்டாரைக் காப்பது முதற்கடன்; அதன்பின் இடத்தைத் தொடாது விலகி நிற்றலே இறந்தார்க்கும், பிழையின்றிப் பழி சுமப்பார்க்கும் நாம் செய்யும் பேருதவி. சிலம்பு உடையுமுன் தீர்ப்பு எழாத நாடே நல்ல நாடு. அந்நாட்டிற்கு நம் குடும்பங்கள்தோறும் ஒரு பணியாளரேனும் தோன்றுவாராக.