சிக்காகோவின் கசடு ஃபுல்ட்டன் வயலுக்குப் போன கதை

கழிவுநீர்க் கசடைக் கொட்டிப் பாழ்நிலத்தை விளைநிலமாக்க முடியுமா என்று பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார். நான் சரித்திர வாத்தியார். எனக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சிக்காகோ நகரம் குடிக்கத் தண்ணீர் எடுப்பது மிச்சிகன் ஏரியில். ஊர்ச் சாக்கடை கலந்த ஆறும் அதே ஏரியில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1900-இல் கால்வாய் வெட்டி, ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி, அழுக்கை இல்லினாய் ஆற்றுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கீழே செயின்ட் லூயிஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. போதிய ஆதாரம் இல்லையென்று 1906-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீர் தெளிந்தது, அடியில் கசடு சேர்ந்தது. அதை எங்கே கொட்டுவது?

ஆற்று வழியே சுமார் 200 மைல் தள்ளி ஃபுல்ட்டன் மாவட்டம். திறந்தவெளிச் சுரங்கம் போட்டு நிலக்கரி எடுத்த பூமி. மேல்மண் புதைந்து, அடியில் கிடந்த கல்லும் களியும் மேடு மேடாக மேலே வந்துவிட்ட நிலம். கழிவுநீர் வாரியம் 1970 முதல் அங்கே 15,000 ஏக்கர் அளவுக்கு வாங்கியது. கசடு பெரிய படகுகளில் லிவர்பூல் என்ற சிற்றூருக்கு (இங்கிலாந்து லிவர்பூல் அல்ல!) வந்தது. அங்கிருந்து குழாயில் தேக்கங்களுக்குப் போய், சமன்படுத்திய நிலத்தில் இறங்கியது. அந்த மண்ணில் மட்கு என்பதே கிடையாது. கசடு மட்கோடு தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்தது. மக்காச்சோளம் விளைந்தது!

ஆனால் நாற்றம். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் புகார்மேல் புகார் கொடுத்தார்கள். எழுபது வருடத்துக்கு முன் ஆற்றில் வந்த அதே நகரத்து அழுக்கு, இப்போது படகேறி வந்தால் கோபம் வராதா? எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

நாற்றமாவது காற்றோடு போகும். காட்மியம் போகாது. சிக்காகோவின் உலோக முலாம் பட்டறைகள் சாக்கடையில் விட்டது கசடில் தங்கி வயலுக்கு வந்தது. அது மட்காது, பயிர் வழியே உடம்பில் ஏறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீரையில் அதிகம் ஏறும், சோள மணியில் குறைவு. ஃபுல்ட்டன் மண்ணில் சுண்ணாம்பு இருந்ததும் நல்லதாயிற்று, அது உலோகத்தைப் பிடித்துவைக்கும். 1969-இலேயே தொழிற்சாலைக் கழிவுக்கு வாரியம் சட்டம் போட்டிருந்தது. அதை நடைமுறைப்படுத்தியபின் கசடில் உலோகம் வெகுவாகக் குறைந்தது.

அமெரிக்கா முழுவதற்கும் உலோக வரம்பு 1993-இல் வந்தது. அந்தப் பட்டியலில் பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனங்கள் இல்லை. கசடு போட்ட பண்ணைகளில் அவை தெரியவந்து, 2022-இல் மெயின் மாநிலம் நிலத்தில் கசடு போடுவதையே தடை செய்துவிட்டது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ போடலாமா, வேண்டாமா சார்?" என்றார் மாணவர். "உங்க ஊர்ச் சாக்கடையில என்னென்ன பட்டறைத் தண்ணி கலக்குதுன்னு முதல்ல பார்த்துட்டு வாப்பா" என்றேன். பார்க்கப் போயிருக்கிறார்.