விருப்பாட்சி மலைவாழை

விருப்பாட்சி மலைவாழை என்பது திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலைப் பகுதியில் விளையும் சிறுபழ வாழை வகையாகும். தாவரவியல் முறைப்படி வாழைப்பழமும் 'பெர்ரி' எனப்படும் சதைக்கனி வகையைச் சேர்ந்ததே. ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள விருப்பாட்சி என்னும் ஊரின் பெயரால் இவ்வாழை அழைக்கப்படுகிறது. நீர்ச்சத்துக் குறைவான இதன் பழம் எளிதில் அழுகுவதில்லை. பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்திற்கு இப்பழம் விரும்பப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பழைய சாகுபடி முறை

சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் குளிர் பேரி, பிளம்ஸ் மரங்களுக்கு ஏற்றது, வாழைக்கு ஏற்றதன்று. எனவே மலைவாழை அதற்குக் கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் போன்ற ஊர்களில், காப்பி, மிளகு ஆகியவற்றோடு ஊடுபயிராக வளர்க்கப்பட்டது.

சமவெளி வாழையைப் போல இதற்கு வாய்க்கால் பாசனம் இல்லை, மழையே நீர். நிழல் மரங்களின் உதிர்ந்த இலைகள் மட்கி உரமாயின. ஒருமுறை நட்டால், தாய்மரம் குலை ஈன்று முடிந்ததும் பக்கக்கன்று அதன் இடத்தைப் பிடிக்கும். இவ்வாறு ஒரே புதர் பல ஆண்டுகள் பலன் தந்தது. புதிய தோட்டத்திற்கும் பழைய தோட்டத்திலிருந்தே கன்று எடுக்கப்பட்டது.

முடிக்கொத்து நோய்

செலவு குறைந்த இம்முறையே பின்னர் இழப்புக்கும் வழியானது. பிஜித் தீவில் 1889-இல் பதிவான முடிக்கொத்து நோய், இலங்கை வழியாக 1940 வாக்கில் தென்னிந்தியாவை அடைந்தது. இதை உண்டாக்குவது ஒரு வைரசு. வாழை அசுவினிப் பூச்சி அதைப் பரப்புகிறது என்பதை 1920-களில் ஆஸ்திரேலியாவில் மேகீ என்னும் ஆய்வாளர் நிறுவினார்.

நோயுற்ற மரத்தில் இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும், குலை வராது. மரத்தில் புகுந்த வைரசு அதன் கன்றுகளிலும் இருக்கும். ஆகவே கன்று சென்ற இடமெல்லாம் நோயும் சென்றது. 1970-களில் சுமார் 18,000 எக்டேராக இருந்த மலைவாழைப் பரப்பு, பின்னர் சுமார் 2,000 எக்டேராகச் சுருங்கியது. பலர் வாழையைக் கைவிட்டனர்.

மீட்பும் உரமிடலும்

நோய் கண்ட மரத்தை எந்த உரமும் குணப்படுத்தாது. அதைக் கிழங்கோடு அழிப்பதே வழி. எனவே மீட்பு முயற்சி கன்றிலிருந்து தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் இதில் பங்காற்றின. வைரசு இல்லை எனச் சோதித்த தாய்மரங்களிலிருந்து திசு வளர்ப்புக் கன்றுகள் உருவாக்கப்பட்டு உழவர்களுக்கு வழங்கப்பட்டன.

உரமிடும் முறையும் மாறியது. அக்டோபர், சனவரி, ஏப்ரல் ஆகிய மாதங்களில், மரத்திலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி அரைவட்டப் பாத்தி எடுத்து, தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பிரித்து இடப் பரிந்துரைக்கப்பட்டது. சரிவான நிலத்தில் முழு உரத்தையும் ஒரே முறை இட்டால் மழைநீர் அதன் பெரும்பகுதியை அடித்துச் சென்றுவிடும்.

இன்றைய நிலை

விருப்பாட்சி மலைவாழை 2008-09-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழனி பஞ்சாமிர்தத்திற்கு 2019-இல் அச்சிறப்பு கிடைத்தது. இக்குறியீடு பெயரைக் காக்கும். பயிரை நோயிலிருந்து காக்காது. அருகில் நோயுற்ற பழைய புதர்கள் அகற்றப்படாமல் இருந்தால், அசுவினி வழியாகப் புதிய திசு வளர்ப்புக் கன்றுகளுக்கும் நோய் தொற்றும். ஆதலால் தனி ஒருவரின் தோட்டத்தை மட்டும் தூய்மையாக்குவது போதாது. அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து செயல்பட்டால்தான் மலைவாழை நிலைக்கும்.